முள்ளியவளையிலிருந்து பரந்தன் அலுவலகக் கணினியைத் திறப்பது எப்படி

2022 நடுப்பகுதியில் இலங்கையில் தட்டுப்பாட்டால் எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்க கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் பெற்றோல்தான். பரந்தனுக்குப் பக்கத்தில் ஒரு நெல் ஆலை, அங்கே கணக்கு எழுதுகிற தங்கச்சி முள்ளியவளையிலிருந்து ஸ்கூட்டியில் வருகிறவர். போய்வர நூறு கிலோமீற்றர் கிட்ட வரும், அந்த 4 லீற்றரை எப்படி இழுத்துப் பிடித்தாலும் இரண்டு நாளைக்குக் காணாது. ஆலை முதலாளி எனக்கு போன் எடுத்து, "தம்பி, அவ வீட்டில இருந்தே பில் போடுற மாதிரி ஏதும் ஒழுங்கு செய்யேலாதே?" என்று கேட்டார். ஏலும் என்றேன், செய்தும் கொடுத்தேன், ஆனால் முதல் தடவை பிழையாகச் செய்தேன். அந்தப் பிழையை நீங்களும் விடாமல் இருக்கத்தான் இதை எழுதுகிறேன்.

அந்த 2022 பெற்றோல் வரிசை போனது, ஆனால் கேட்பவர்கள் குறையவில்லை. கிளிநொச்சியில் தலைமை அலுவலகம், புதுக்குடியிருப்பில் ஒரு கிளை, மல்லாவியில் இன்னொன்று, கணக்கு பார்க்கிற ஆள் வவுனியாவில், பணம் போட்ட அண்ணர் ரொறன்ரோவில். மென்பொருள் மட்டும் ஒரே ஒரு கணினியில். இதுதான் இங்கே வழமையான நிலைமை.

ஒரு கணினியைத் தொடுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: யாருக்கு உண்மையில் என்ன வேண்டும்? "எனக்கும் அக்சஸ் வேணும்" என்று ஐந்து பேர் சொல்வார்கள். வடிவாக விசாரித்தால் மூன்று பேருக்கு வேண்டியது அன்றைய விற்பனையும் வங்கி மீதியும் மட்டும்தான். அவர்களுக்குப் பின்னேரம் ஒரு பிடிஎஃப் அறிக்கையை மின்னஞ்சலிலோ வட்ஸ்அப்பிலோ அனுப்பிவிட்டால் சோலி முடிந்தது. கணினிக்குள் வரவேண்டியது உள்ளே எதையாவது பதிகிற ஆள்தான். நான் போன இடங்களில் இந்த ஒரு கேள்வியாலேயே பாதி வேலை குறைந்திருக்கிறது. வெளிநாட்டில் இருக்கிற பங்காளி கோபித்துக்கொள்வார் என்று முதலாளிமார் தயங்குவார்கள், ஆனால் ஒழுங்காக அறிக்கை வந்தால் ஒருவரும் கோபிப்பதில்லை.

சரி, இனி நான் விட்ட பிழை.

டேட்டா நகரக்கூடாது

நான் முதலில் செய்தது இதுதான். அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் இடையில் ஒரு விபிஎன் (இணையத்துக்குள்ளால் இரண்டு இடத்தை ஒரே நெட்வேர்க் மாதிரி இணைக்கிற தனி வழி) போட்டு, கணக்கு டேட்டா இருக்கிற போல்டரைப் பகிர்ந்து, தங்கச்சியின் லப்டொப்பிலும் அதே மென்பொருளை நிறுவி, டேட்டா இங்கே இருக்கிறது என்று பாதையைக் காட்டிவிட்டேன். திறந்தது. மெதுவாகத்தான் திறந்தது, ஆனாலும் திறந்தது, எனக்கும் சந்தோசம். மூன்றாம் நாள் அவர் ஒரு பில்லைச் சேமிக்கிற நேரம் பார்த்து முள்ளியவளையில் கரண்ட் போய் இணைப்பு அறுந்தது. மறுநாள் காலை அலுவலகத்தில் ஒருவருக்கும் மென்பொருள் திறக்கவில்லை, டேட்டா ஃபைல் உடைந்துவிட்டது. மூன்று நாள் பில்களை அடிக்கட்டையைப் பார்த்துத் திரும்ப அடித்தோம். நானும் பக்கத்தில் இருந்து வாசித்துக் கொடுத்தேன், வேறு என்ன செய்ய.

ஏன் இப்படி நடக்கிறது என்று விளங்கினால் மற்றதெல்லாம் லேசு. டேலி, குவிக்புக்ஸ் டெஸ்க்டொப், நம் ஊர்ப் பொடியங்கள் மைக்ரோசொஃப்ட் அக்சஸ் டேட்டாபேஸில் எழுதிக் கொடுத்த பில் மென்பொருள், இவை எல்லாம் டேட்டா ஃபைல் பக்கத்தில் இருக்கிறது என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டவை. ஒரு லெட்ஜரைத் திறக்க ஃபைலுக்குள் போய் ஒரு துண்டை வாசிக்கும், திரும்பும், அடுத்த துண்டுக்குப் போகும். இப்படி 2,000 தடவை போய்வருகிறது என்று வையுங்கள். அலுவலகத்துக்குள் வயரில் ஒரு போய்வரவு ஒரு மில்லிசெக்கன், மொத்தம் 2 செக்கன். 4ஜியில் ஒரு போய்வரவு 60 மில்லிசெக்கன் என்றால் அதே வேலைக்கு 120 செக்கன். இணைய வேகம் எத்தனை எம்பி என்று விளம்பரத்தில் போடுகிறார்களே, அது இங்கே உதவாது. அது தண்ணீர்க் குழாயின் அகலம் மாதிரி, தூரத்தைக் குறைக்காது. அதைவிட மோசமானது, எழுதிக்கொண்டு இருக்கும்போது இணைப்பு அறுந்தால் பாதி எழுதின ஃபைல் அப்படியே கிடக்கும்.

ஆகவே டேட்டாவும் மென்பொருளும் அலுவலகக் கணினியிலேயே இருக்கட்டும். வீட்டில் இருப்பவருக்கு அந்தக் கணினியின் திரை மட்டும் போகும், அவரிடமிருந்து கீபோர்ட் தட்டலும் மவுஸ் அசைவும் மட்டும் திரும்பி வரும். இடையில் இணைப்பு அறுந்தால் திரைதான் மறையும். அலுவலகத்தில் மென்பொருள் விட்ட இடத்தில் அப்படியே நிற்கும், திரும்ப இணைத்ததும் பாதி அடித்த பில் அதே இடத்தில் இருக்கும். இதற்கு விண்டோஸுக்குள்ளேயே ரிமோட் டெஸ்க்டொப் என்று ஒன்று இருக்கிறது, தனியாக வாங்கத் தேவையில்லை.

எந்தக் கணினி, எத்தனை பேர்

ஹோம் பதிப்பு விண்டோஸுக்குள் ரிமோட் டெஸ்க்டொப்பால் நுழைய முடியாது, ப்ரோ பதிப்பு வேண்டும். கடையில் வாங்கின கணினி பெரும்பாலும் ஹோமாகத்தான் இருக்கும். செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் அபௌட் என்ற இடத்தில் பார்த்தால் தெரியும். வீட்டிலிருந்து இணைக்கிற லப்டொப் ஹோமாக இருந்தால் பரவாயில்லை. விண்டோஸ் 10க்கு வழமையான பாதுகாப்புப் புதுப்பிப்பு 2025 ஒக்ரோபர் 14 உடன் நின்றுவிட்டது, பழைய கணினியை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள்.

அடுத்தது, ப்ரோவில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் உள்ளே இருக்கலாம். இதை நான் முதலாளிக்குச் சொல்லியிருந்தேன், ஆனால் அவருடைய தம்பி ரொறன்ரோவில் இருக்கிறவருக்கு யாரும் சொல்லவில்லை. அண்ணரிடம் கெஞ்சி அந்தத் தங்கச்சியின் பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் வாங்கிவிட்டார். வேலை முடிந்து வந்து சாப்பிட்டுவிட்டு அங்கே இரவு 12 மணிக்குக் கணக்குப் பார்க்க உட்காருவார். கோடை காலத்தில் கனடாவில் இரவு 12 என்றால் இங்கே காலை 9.30. லொறி வாசலில் நிற்கிறது, நெல் நிறுத்து முடிந்தாயிற்று, விவசாயி சீட்டுக்குக் காத்து நிற்கிறார், அந்த நேரம் பார்த்து எனக்கு போன்: "அண்ணை, நான் பில் அடிச்சுக்கொண்டு இருக்கேக்க ஆரோ என்னை வெளியில தள்ளிப்போட்டினம்." ஒரே பயனர்பெயரில் இன்னொருவர் வந்தால் விண்டோஸ் கேள்வி கேட்காமல் முதல் ஆளை வெளியே விட்டுவிடும். ரொறன்ரோக்காரர் தன் திரையில் பாதி அடித்த பில் ஒன்று கிடப்பதைக் கண்டு, இது என்னடா என்று அதை மூடியும் விட்டார்.

அப்போ பலர் வேலை செய்ய என்ன வழி? முறையான வழி விண்டோஸ் சேர்வரும் ஆளுக்கு ஒரு ரிமோட் டெஸ்க்டொப் அனுமதியும். பதினைந்து இருபது பேர் என்றால் அதற்குத்தான் போகவேண்டும், செலவுதான். யூடியூப்பில் ஒரு சின்ன மென்பொருளைப் போட்டால் ப்ரோவிலேயே பத்துப் பேர் வரலாம் என்று காட்டுவார்கள். அது உரிம விதிக்குப் புறம்பு, ஒவ்வொரு விண்டோஸ் புதுப்பிப்புக்கும் உடைகிறதும் கூட, அந்தப் பக்கம் போகாதீர்கள்.

மூன்று நான்கு பேருக்கு நான் செய்வது வேறு. அந்த ஆள் அலுவலகத்துக்கு வந்தால் எந்தக் கணினியில் உட்காருவாரோ, அந்தக் கணினியை ஓடவிடுவது. வீட்டிலிருந்து தன்னுடைய மேசைக் கணினிக்குள் நுழைவார். அந்தக் கணினி வழமைபோல வயரில், டேட்டா இருக்கிற மெயின் கணினியோடு கதைக்கும். புதிதாக ஒன்றும் படிக்கத் தேவையில்லை, டெஸ்க்டொப்பில் அதே ஐகன், அதே இடம். கிளையில் இருப்பவருக்கு மேசை இல்லையென்றால் பாவித்த மினி கணினி ஒன்றை வாங்கி, மொனிட்டர்கூட இல்லாமல் அலுமாரிக்கு மேலே வைத்துவிடலாம். மென்பொருளின் உரிமம் எத்தனை பேருக்கு என்று பாருங்கள். டேலியில் சில்வர் என்றால் ஒரு கணினிக்கு, கோல்ட் என்றால் ஒரே நெட்வேர்க்கில் பலருக்கு. மற்ற மென்பொருள்களுக்கு விற்றவரிடமே கேளுங்கள், ரிமோட் வழியாகப் பாவிக்க விதி இடம் கொடுக்கிறதா என்றும் சேர்த்துக் கேளுங்கள்.

வாசலைத் திறக்காமல் உள்ளே வருவது

இணையத்தில் தேடினால் முதலில் வருகிற அறிவுரை, ரவுட்டரில் 3389 என்ற போர்ட்டை, அதாவது ரிமோட் டெஸ்க்டொப் பாவிக்கிற வாசலைத் திறந்துவிடு என்பது. செய்யவே செய்யாதீர்கள். அந்த இலக்கத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டு உலகம் முழுக்க தானியங்கி நிரல்கள் திரிகின்றன. திறந்த கொஞ்ச நேரத்துக்குள் கடவுச்சொல் ஊகிக்கத் தொடங்கிவிடும். ஃபைல்களைப் பூட்டிவிட்டுக் காசு கேட்கிற ரான்சம்வேர் உள்ளே வருகிற பிரதான வாசல்களில் இது ஒன்று. ரவுட்டரில் இலக்கத்தை மாற்றி வேறு போர்ட் கொடுத்தால் தப்பலாம் என்பதும் பேய்க்காட்டல்.

நம் பக்கத்தில் இதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, திறந்தாலும் பெரும்பாலும் வேலை செய்யாது. ஃபைபர் வராத இடத்தில் எல்லாரும் 4ஜி ரவுட்டர்தான் வைத்திருக்கிறோம். அதில் கம்பனி உங்களுக்கென்று தனி ஐபி முகவரி (இணையத்தில் உங்கள் இணைப்பின் இலக்கம்) தருவதில்லை, நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர் ஒரு முகவரிக்குப் பின்னால் இருப்பீர்கள். ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து வெளி ஐபி என்ன என்று பாருங்கள், அப்புறம் கூகுளில் என் ஐபி என்ன என்று கேளுங்கள். இரண்டும் வேறு வேறு என்றால், அல்லது ரவுட்டரில் இருப்பது 10 இல் தொடங்கினால், அல்லது 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தால், வெளியிலிருந்து உங்கள் கதவுக்கு நேரே வர வழியே இல்லை. இது தெரியாமல் இரண்டு நாள் ரவுட்டரோடு மல்லுக்கட்டியவர்களை எனக்குத் தெரியும். நானும் ஒருவன்.

இரண்டு பிரச்சினைக்கும் ஒரே மருந்து, இரு பக்கமும் வெளியே போய் நடுவில் சந்திக்கிற வகை விபிஎன். டெய்ல்ஸ்கேல், ஸீரோடியர் இரண்டும் அப்படிப்பட்டவை. நான் டெய்ல்ஸ்கேல் பாவிக்கிறேன். அது வயர்கார்ட் என்ற திறந்தமூல விபிஎன் முறையின் மேல் ஓடுவது. சின்ன அளவுக்கு இலவசத் திட்டம் இருக்கிறது, ஆட்கள் கூடினால் கட்டணம்.

அலுவலகக் கணினியில் டெய்ல்ஸ்கேலை நிறுவி, நிறுவனத்துக்கென்று ஒரு கூகுள் அல்லது மைக்ரோசொஃப்ட் கணக்கால் உள்நுழையுங்கள். முதலாளியின் மகன் கேம் விளையாடப் பாவிக்கிற கணக்கால் அல்ல. அந்தக் கணக்குக்கு இரண்டு கட்டச் சரிபார்ப்பு கட்டாயம். நிறுவியதும் அந்தக் கணினிக்கு 100 இல் தொடங்குகிற ஒரு முகவரி கிடைக்கும், அது மாறாது. எழுதி வையுங்கள். வீட்டு லப்டொப்பிலும் அதே மென்பொருள், ஆனால் அந்த ஆளுக்கு அழைப்பு அனுப்பி அவருடைய சொந்தக் கணக்கால் நுழையவையுங்கள்.

இனி மூன்று விடயம் இருக்கிறது, இவற்றைச் செய்யாமல் விட்டுவிட்டு வந்தால் கட்டாயம் நடுச்சாமத்தில் போன் வரும். ஒன்று, அலுவலகக் கணினியில் டெய்ல்ஸ்கேல் அமைப்புக்குள் ரன் அனட்டெண்டட் என்று இருப்பதை இயக்குங்கள். இல்லாவிட்டால் கரண்ட் போய் வந்து கணினி தானாக எழும்பினாலும், யாராவது நேரில் போய் உள்நுழையும் வரை விபிஎன் எழும்பாது. இரண்டு, டெய்ல்ஸ்கேல் நிர்வாகப் பக்கத்தில் அந்தக் கணினிக்கு மட்டும் கீ எக்ஸ்பைரி, அதாவது உள்நுழைவு காலாவதியாவதை நிறுத்துங்கள். வழமையான அளவு 180 நாள். பெரும்போக விதைப்பு நேரம் போட்டுவிட்டு வந்தால் சரியாகச் சிறுபோகம் தொடங்குகிற நேரத்தில் ஒரு காலை ஒருவருக்கும் இணைப்பு வராது, என்ன ஏது என்று விளங்காமல் அந்தரப்படுவீர்கள். மூன்று, தொடக்கத்தில் எல்லாக் கருவியும் எல்லாக் கருவியோடும் கதைக்கலாம் என்றுதான் இருக்கும். நிர்வாகப் பக்கத்தில் அக்சஸ் கன்ட்ரோல்ஸ் என்ற இடத்தில் இன்னார் இன்ன கணினிக்கு, அதுவும் 3389க்கு மட்டும் என்று இறுக்கிவிடுங்கள். வீட்டு லப்டொப்பில் பிள்ளை எதையாவது இறக்கி வைரஸ் வந்தாலும் அது அலுவலகத்தின் மற்றக் கணினிகளைத் தேடிப் போகக்கூடாது.

அப்புறம் அலுவலகக் கணினியில் செட்டிங்ஸ், சிஸ்டம், ரிமோட் டெஸ்க்டொப் என்று போய் அதை இயக்கி, யார் யார் வரலாம் என்று பயனர்களைச் சேருங்கள். வீட்டில் ரிமோட் டெஸ்க்டொப் கனெக்ஷன் என்பதைத் திறந்து அந்த 100 முகவரியை அடித்தால் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும்.

இங்கேதான் எல்லாரும் முட்டுப்படுகிற இடம். அலுவலகத்தில் தினமும் நான்கு இலக்கப் பின் அடித்து நுழைந்து பழகியவர் வீட்டிலும் அதையே அடிப்பார், ஏற்காது. பின் அந்தக் கணினிக்கு முன்னால் இருப்பவருக்கு மட்டும்தான், ரிமோட்டுக்கு முழுக் கடவுச்சொல் வேண்டும். கடவுச்சொல்லே வைக்காத பயனரையும் விண்டோஸ் வெளியிலிருந்து விடாது. நான் இதற்காகவே ஒவ்வொருவருக்கும் அந்தக் கணினியிலேயே தனி உள்ளூர்ப் பயனர் ஒன்றை உருவாக்கி, நீளமான கடவுச்சொல் கொடுத்து, நிர்வாகி அதிகாரம் கொடுக்காமல் விடுகிறேன். மைக்ரோசொஃப்ட் கணக்கோடு சேர்ந்த பயனரில் இந்தத் தலையிடி கூட.

சோதிக்கும்போது அலுவலக வைஃபையில் இருந்துகொண்டு சோதிக்காதீர்கள், உள்ளுக்குள் இருந்தால் எல்லாம் வேலை செய்கிற மாதிரித்தான் தெரியும். லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வெளியே வேப்பமரத்துக்குக் கீழே போய், போனிலிருந்து ஹொட்ஸ்பொட் எடுத்து இணைத்துப் பாருங்கள். சிக்னல் இரண்டு கோடு காட்டும் இடமாகப் பார்த்து உட்கார்ந்தால் இன்னும் நல்லது, முள்ளியவளையிலும் ஒட்டுசுட்டானிலும் உள்வீதியில் அதுதான் கிடைக்கப்போகிறது. மெதுவாக இருந்தால் இணைக்கிற பெட்டியில் திரை அளவைக் குறைத்து, நிறத்தை 16 பிட் ஆக்கி, பின்னணிப் படத்தை நிறுத்துங்கள். கணக்கு வேலைக்கு டேட்டா செலவு கொஞ்சம்தான், வீடியோ பார்ப்பதோடு ஒப்பிடவே முடியாது.

பிரிண்டரும் பாமினியும்

முதல் வாரம் ஒரு இரவு எட்டு மணிக்கு ஆலைக் காவலாளி ஐயா முதலாளிக்கு போன் எடுத்திருக்கிறார். "உள்ளுக்க ஒருத்தரும் இல்லை, மெசின் தானா எழுதுது." பூட்டின அலுவலகத்துக்குள் டொட் மற்றிக்ஸ் பிரிண்டர் கீர் கீர் என்று பில் அடித்துக்கொண்டிருக்கிறது. முள்ளியவளையில் தங்கச்சி நிலுவையாக இருந்த பில்களை முடித்துவிட்டு ஒவ்வொன்றாக பிரிண்ட் கொடுத்துக்கொண்டிருந்தார், தாள் வரவில்லையே என்று திரும்பத் திரும்பக் கொடுத்தும் இருந்தார். காலையில் தரை முழுக்க கார்பன் தாள்.

மென்பொருள் ஓடுவது அலுவலகத்தில், ஆகவே தாளும் அங்கேதான் வரும். கிளையில் வரவேண்டும் என்றால் இணைக்கிற பெட்டியில் லோக்கல் ரிசோர்ஸஸ் என்ற பகுதியில் பிரிண்டர்ஸ் என்பதற்குச் சரி போடுங்கள். அப்போது கிளையின் பிரிண்டர் பட்டியலில் வரும். டொட் மற்றிக்ஸ் என்றால் அதே டிரைவரை அலுவலகக் கணினியிலும் நிறுவி, ஒரு பில் அடித்து எழுத்தெல்லாம் கட்டத்துக்குள் விழுகிறதா என்று பார்த்துவிட்டு மற்றதைச் செய்யுங்கள். எதற்கும் இரவு நேரத்தில் பிரிண்ட் கொடுக்கவேண்டாம் என்று சொல்லிவையுங்கள், ஐயாவின் இருதயத்தையும் பார்க்கவேண்டும்.

தமிழ் எழுத்தும் இதே கதை. பழைய மென்பொருள் பல இன்னும் யூனிகோட்டுக்கு முந்திய பாமினி எழுத்துருவில்தான் ஓடுகிறது. விவசாயியின் பெயர் திரையில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிகிறது என்றால் பாமினியை நிறுவவேண்டியது அலுவலகக் கணினியில், வீட்டு லப்டொப்பில் அல்ல. யூனிகோட்டில் தட்டுகிறவர்களுக்கும் தமிழ் விசைப்பலகையை அலுவலகக் கணினியின் அந்தப் பயனருக்குள் போய்ச் சேர்க்கவேண்டும்.

கரண்டும் இடியும்

அலுவலகத்தில் ஆள் இல்லாமல் கணினி ஓடவேண்டும் என்றால் அது தூங்கவும் கூடாது, விழுந்தால் தானாக எழும்பவும் வேண்டும். பவர் அமைப்பில் ஸ்லீப்பை நெவர் ஆக்குங்கள். பயோஸுக்குள் (விண்டோஸ் எழும்ப முன்னம் திறக்கிற அமைப்புப் பக்கம்) போய், கரண்ட் வந்ததும் என்ன செய்யவேண்டும் என்று கேட்கிற இடத்தில் பவர் ஒன் என்று கொடுங்கள். ஒவ்வொரு கம்பனியும் அதற்கு வேறு வேறு பெயர் வைத்திருப்பார்கள், ஏசி பவர் என்ற சொல்லைத் தேடினால் அம்பிடும். பழைய லப்டொப் ஒன்றை அலுவலகக் கணினியாக வைப்பதும் நல்ல யோசனை, அதன் பட்டரியே யுபிஎஸ். மூடியை மூடினாலும் ஒன்றும் செய்யாதே என்று அமைத்துவிட்டால் சரி.

டெஸ்க்டொப் என்றால் யுபிஎஸ் வேண்டும். சின்ன யுபிஎஸ் பத்துப் பதினைந்து நிமிடம் தாக்குப் பிடிக்கும், அது வேலை செய்ய அல்ல, மூட. எல்லாரும் மறப்பது ரவுட்டரை. கணினிக்கு யுபிஎஸ் போட்டு ரவுட்டரைச் சுவரில் செருகினால் கரண்ட் போன அந்த நொடியே வீட்டில் இருப்பவருக்குத் திரை போய்விடும், அவரால் சேமித்து மூடவும் முடியாது. ரவுட்டருக்கென்று 12 வோல்ட் மினி யுபிஎஸ் விற்கிறார்கள், விலை அதிகமில்லை, மணித்தியாலக் கணக்கில் நிற்கும்.

ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு சிக்கல். வானம் கறுத்து முதல் முழக்கம் கேட்டதும் காவலாளி ஐயா ஒரு ஓட்டமாக ஓடிவந்து எல்லா பிளக்கையும் கழற்றிவிடுவார், டெலிபோன் வயர் உட்பட. அவர் செய்வது பிழையில்லை, வன்னியில் மின்னலுக்கு எத்தனை ரவுட்டர் போயிருக்கிறது. அதனால் அவரோடு ஒரு ஒப்பந்தம் செய்யுங்கள்: இடி கேட்டால் முதலில் தங்கச்சிக்கு ஒரு போன், அவர் சேமித்து மூடிவிட்டேன் என்று சொன்னதும் பிளக். மழை விட்டதும் திரும்பச் செருகவேண்டும். செருகினால் பயோஸில் நாம் கொடுத்தபடி கணினி தானாக எழும்பும், அவர் எந்த பட்டனையும் தேடத் தேவையில்லை.

யார் கையில் என்ன சாவி

ஆளுக்கொரு பயனர்பெயர், விண்டோஸுக்கும் கணக்கு மென்பொருளுக்கும் வேறு வேறாக. எல்லாருக்கும் அட்மின் என்ற ஒரே பெயரும் கடவுச்சொல்லாக முதலாளியின் வண்டி இலக்கமும் இருந்தால், நாளைக்கு ஒரு பில் அழிந்திருக்கும்போது யார் அழித்தது என்று கேட்க ஒருவரும் இல்லை. பில் போடுகிறவருக்கு பில் போடும் அதிகாரம் மட்டும், அழிக்கிற அதிகாரம் வேண்டாம். ரொறன்ரோத் தம்பிக்குக் கடைசியில் நான் கொடுத்தது இரவு அறிக்கையும், வாசிக்க மட்டும் முடிகிற ஒரு பயனரும். தங்கச்சியின் கணினிக்குள் அல்ல, அலுவலகத்தில் சும்மா கிடந்த வேறு கணினிக்குள். விண்டோஸில் ஒரு பயனர் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை நுழையலாம் என்றும் வரையறுக்கலாம், தேவைப்பட்டால் அதையும் செய்யுங்கள்.

நெல் வாங்குகிற இடத்தில் விவசாயியின் அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு இலக்கம் எல்லாம் மென்பொருளுக்குள் இருக்கும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. சட்டத்தை விட்டாலும், அந்தப் பட்டியல் ஊருக்குள் போய்த் திரிந்தால் முகம் கொடுத்துக் கதைக்க முடியாது. அதனால் அலுவலகக் கணினியின் விண்டோஸில் குரூப் பொலிசி என்ற அமைப்புக்குள் போய் டிரைவ் ரீடிரெக்ஷன், கிளிப்போர்ட் ரீடிரெக்ஷன் இரண்டையும் நிறுத்திவிடுங்கள். திரையில் பார்க்கலாம், வீட்டு லப்டொப்புக்குக் கொப்பி பண்ணி எடுக்க முடியாது. போனில் திரையைப் படம் பிடித்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். அதற்கு மென்பொருளில் மருந்து இல்லை.

ஒரு கொப்பியில், தாள் கொப்பியில்தான், யாருக்கு எந்த நாள் என்ன அனுமதி கொடுத்தோம் என்று எழுதிவையுங்கள். ஆள் வேலையை விட்டுப் போகிற அன்றே டெய்ல்ஸ்கேலில் அவரையும் அவருடைய லப்டொப்பையும் நீக்கி, விண்டோஸ் பயனரை முடக்குங்கள். சண்டை பிடித்துப் போனாலும் சரி, கல்யாணம் முடித்து சிரித்துக்கொண்டு போனாலும் சரி.

பக்கப்பிரதியைப் பற்றி நீட்டவில்லை. வெளி ஹார்ட் டிஸ்க் இரண்டு, ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றி, கொப்பி முடிந்ததும் கழற்றி ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். எப்போதும் செருகிக் கிடக்கிற டிஸ்க்கை ரான்சம்வேர் சேர்த்தே பூட்டிவிடும். மாதம் ஒருமுறை அந்தப் பிரதியை வேறு கணினியில் போட்டுத் திறந்து பாருங்கள். எங்களுக்கு அந்த மூன்று நாள் பில் போனதற்குக் காரணமே பிரதி எடுத்துக்கொண்டிருந்தும் ஒருவரும் திறந்து பார்க்காததுதான், அதில் மூன்று நாளுக்கு முந்தியதுதான் உருப்படியாக இருந்தது.

தூரத்திலிருந்து கணினித் திரையைக் காட்டுகிற எனிடெஸ்க் இருக்கே என்பார்கள். மென்பொருள் விற்றவர் வந்து ஒரு பிழையைத் திருத்த அது வசதி, திருத்தி முடிந்ததும் மூடிவிடவேண்டும். நிரந்தரக் கடவுச்சொல் போட்டு எப்போதும் திறந்து வைக்காதீர்கள், அதோடு யாராவது போன் எடுத்து நான் வங்கியிலிருந்து கதைக்கிறேன், எனிடெஸ்க் போடுங்கள் என்றால் போனை வையுங்கள் என்று எல்லாருக்கும் சொல்லிக் கொடுங்கள். ஒன்லைன் கணக்கு மென்பொருளுக்கே மாறிவிட்டால் இந்தச் சோலியே இல்லை என்பதும் உண்மைதான். புதிதாகத் தொழில் தொடங்குபவருக்கு நானே அதைத்தான் சொல்வேன். ஆனால் கட்டணம் டொலரில் என்றால் யோசியுங்கள், 2022 இல் ஒரு டொலர் 200 ரூபாயிலிருந்து சில மாதத்துக்குள் 360 பக்கம் போனது. இணையம் அறுந்தால் அலுவலகத்துக்குள் இருப்பவருக்கும் பில் போட முடியாது என்பது இன்னொன்று.

எல்லாம் போட்டு முடிந்ததும் உடனே வீட்டுக்கு அனுப்பாதீர்கள். ஒரு வாரம் அந்த ஆள் அலுவலகத்துக்கே வந்து, வேறு அறையில் இருந்து, போன் ஹொட்ஸ்பொட்டில் வேலை செய்யட்டும். நடுவில் ஒருநாள் சொல்லாமல் மெயின் சுவிட்சை நிறுத்திப் பாருங்கள். யுபிஎஸ் கத்துகிறதா, ரவுட்டர் நிற்கிறதா, அவர் சேமித்து மூடுகிறாரா, கரண்ட் வந்ததும் யாரும் தொடாமல் கணினி எழும்பி விபிஎன் இணைகிறதா என்று பாருங்கள். ஆலையில் நான் நிறுத்திய அன்று எல்லாம் ஒழுங்காக எழும்பியது, டெய்ல்ஸ்கேல் மட்டும் எழும்பவில்லை. மேலே சொன்ன ரன் அனட்டெண்டட்டை நான்தான் மறந்திருந்தேன்.